அப்பா போட்ட கூரை

எங்கள் அப்பாவுக்கு ஒரு பொருளை மெல்லிசாகச் செய்யத் தெரியாது. அதை அவருடைய குற்றம் என்று சொல்லமாட்டேன். பார்த்த வேலை அப்படி. டென்மார்க்கில் பிராண்டே என்கிற ஊரில் காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கிளாஸ்பைபர் துணியை விரித்து, பிசின் ஊற்றி, உருளையால் தேய்த்து, அதன்மேல் இன்னொரு துணி, அதன்மேல் இன்னொன்று என்று படை படையாக அடுக்கவேண்டும். நடுக்கடலில் புயலுக்குள் நின்று சுற்றவேண்டிய சாமான். அதில் ஒரு படை குறைந்தால் பெரிய வில்லங்கம், ஒரு படை கூடினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வருகிற மனிசன் சப்பாத்து வைக்க ஒரு தட்டு அடித்தால், அதில் வீட்டில் உள்ள எல்லாரும் ஏறி நிற்கலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு வருத்தம். என்ன வருத்தம் என்று வீட்டில் ஒருவரும் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் என் ஆசிரியை அதன் டேனிஷ் பெயரைச் சொல்லி, குனிந்து என் தோளைத் தடவினார். அது வேறு யாருக்கோ வந்த வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். அம்மாவுக்கு மருந்து ஏற்றுகிறார்கள், அதனால் தலைமயிர் கொட்டுகிறது, மருந்து முடிந்தால் முளைக்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அம்மா அந்த வருடம் ஒரேயொரு விசயம் கேட்டார். "ஒருக்கா மாதாவிட்டப் போகோணும்."

மாதா என்றால் ஜேர்மனியில், ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கிற மாதா. ஒவ்வொரு ஆவணியிலும் ஐரோப்பா முழுக்க இருக்கிற எங்கட சனம் அங்கே கூடும். பாட்டுப் பூசை, சுற்றுப்பிரகாரம், கோயிலுக்கு அங்கால் புல்வெளியில் கூடாரம், கூடாரத்துக்கு முன்னால் காஸ் அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி. நாங்களும் வருசா வருசம் போய் வந்தோம். ஆனால் முழுநாள் காருக்குள் குந்தியிருந்து, பிறகு நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிற உடம்பு அம்மாவிடம் இப்போது இல்லை. ஹோட்டலில் அறை எடுக்கலாம் என்று சித்தப்பா சொன்னார். அம்மாவுக்கோ மணிக்கொரு தரம் படுக்கவேண்டும், வெளிச் சாப்பாட்டு மணம் பட்டாலே சத்தி வரும். அடுத்த வருசம் சுகமாகிப் போவோம் என்று அப்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "அடுத்த வருசக் கதை என்னோட கதையாதேங்கோ" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அப்பா அந்தக் கதையை எடுக்கவில்லை. அவர் போய் ஒரு காம்பிங் வண்டி வாங்கினார்.

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பழைய வண்டி. மூடிக் கிடந்தால் என் உயரந்தான் இருக்கும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும்பும், துணிச் சுவர் விரியும், இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும். போகிற வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, கூரையை எழுப்பி, அம்மாவைப் படுக்க வைக்கலாம். யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதில் நான் பிழை சொல்லமாட்டேன்.

விற்றவர் இக்காஸ்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டேனிஷ் கிழவர், நேர்மையான ஆள். வண்டியைக் காட்டமுதலே கூரை பழுது என்று சொல்லிவிட்டார். புயலில் மரக்கொப்பு முறிந்து விழுந்து, கூரைத் தோல் வெடித்து, ஒரு மாரி முழுக்கத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. கையை வைத்து அமத்தினால் தேத்தண்ணீரில் தோய்த்த ரஸ்க் மாதிரிப் பதிந்தது. திருத்தலாம், ஆனால் பாரம் ஏற்றவேண்டாம் என்றார் கிழவர். கூரையைத் தூக்குவது உள்ளே ஓடுகிற மெல்லிய கம்பிக் கயிறுகள், அவற்றுக்கு வயசு போய்விட்டது என்று தன்னையும் காட்டிச் சிரித்தார். அப்பா "யா, யா" என்று தலையாட்டினார். விளங்காமல் ஆட்டவில்லை, அப்பாவுக்கு டேனிஷ் வடிவாக விளங்கும். ஆனால் பாரம் என்றால் என்ன என்பதில் அந்தக் கிழவருக்கும், பஸ் நீளத்தைவிட நீளமான இறக்கை செய்கிறவருக்கும் ஒரே எண்ணம் இருக்குமா?

வேலை எங்கள் வீட்டோடு ஒட்டி, கார் விடுகிற கார்போர்ட்டுக்குள் தொடங்கியது. சித்தப்பாவும் அதே தொழிற்சாலைதான், அப்பாவின் தம்பி, இக்காஸ்டில் இருந்தார். இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து, தொழிற்சாலை முகமூடியைப் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பழுதான தோலை வாளால் அறுத்து எடுத்தபோது உள்ளே சட்டமெல்லாம் கறுத்து, பஞ்சாகப் போயிருந்தது. சித்தப்பா கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வாளிக்குள் போட்டார். எனக்கு அது பார்க்க நல்ல விளையாட்டாக இருந்தது.

"அண்ணை, உதை அப்பிடியே துடைச்சுப்போட்டு, மெல்லிசா ஒரு ஒட்டுப் போட்டால் காணும். நாங்கள் என்ன இதைக் கடலுக்கயோ நடப்போறம்?" என்றார் சித்தப்பா.

"மழை வந்து அவவின்ர கட்டிலுக்க ஒழுகினால் நீயோ வந்து துடைப்பாய்?" என்றார் அப்பா.

சித்தப்பா கரண்டியை எடுத்துத் திரும்பச் சுரண்டத் தொடங்கினார். பழைய சட்டம் விரல் தடிப்புக் கூட இல்லை. அப்பா கடைக்குப் போய் வீடு கட்டுகிற சட்டம் வாங்கி வந்தார். பழைய பலகை பிஸ்கற் பெட்டி மட்டை மாதிரி. அப்பா போட்டது நிலத்துக்குப் போடுகிற பலகை. அதன்மேல் கிளாஸ்பைபர் துணி, பிசின், உருளை. ஒரு காற்றுக் குமிழ் கண்ணில் பட்டாலும் அப்பா விடமாட்டார். திரும்பத் திரும்பத் தேய்த்து வெளியே துரத்தினார். இதெல்லாம் கூரை மூடியபடியே நடந்தது. மூடிய கூரைதான் ஆடாமல் அசையாமல் மேசை மாதிரி நிற்கும், வேலை செய்யச் சுகம். தொழிற்சாலையிலும் அவர்கள் இறக்கையைக் கிடத்தி வைத்துத்தான் செய்கிறார்கள். அதைத் தூக்குவதற்கு அங்கே பெரிய கிரேன் இருக்கிறது, தூக்குவது வேறு ஆட்களின் பாடு. அங்கே வேலை செய்த காலம் முழுக்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரு இறக்கையின் பாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது.

பிசின் மணம் பொல்லாதது. நகப்பூச்சும் பெற்றோலும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறினால் இறங்காது. அது கதவிடுக்காலும் யன்னலிடுக்காலும் வந்து அம்மாவின் அறைக்குள் குந்தியது. அப்பா ஈரத் துவாய்களைச் சுருட்டி இடுக்கெல்லாம் அடைத்தார். ஒரு பின்னேரம் அம்மா சத்தி எடுத்து எடுத்து, எடுக்க ஒன்றுமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கார்போர்ட்டுக் கதவடிக்கு வந்தார். "ஐயோ, உந்த மணத்தாலேயே என்னைக் கொல்லப்போறீங்களோ!" என்று கத்தினார். அம்மா கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அப்பா கையில் உருளையோடு முகமூடிக்குள் நின்றார். என்ன முகம் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவே, "சரி, சரி, முடியுங்கோ. பாதியில விட்டால் எப்பிடிப் போறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அன்றிலிருந்து அம்மா பின்பக்கம் இருந்த என் அறையில் படுத்தார். எனக்குக் கொண்டாட்டம். அம்மா என் கட்டிலில், நான் கீழே மெத்தையில். அங்கே மணம் குறைவு. "போய்ப் பாத்திட்டு வா, எவ்வளவில நிக்குது?" என்று அனுப்புவார். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து டேனிஷில் விளக்குவேன், அவர் தமிழில் கேட்பார். இன்னும் ஒரு படையாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "கடவுளே, இந்த மனிசன்!" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த நாட்களில்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. இனி மருந்து ஏற்றத் தேவையில்லையாம் என்று அப்பா சொன்னார். நான் துள்ளினேன். மருந்து முடிந்தால் மயிர் முளைக்கும் அல்லவா? அம்மாவின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். மருந்தை நிறுத்தினால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா அன்றைக்குப் பின்னேரம் கார்போர்ட்டுக்குப் போனார். முடிந்துவிட்டது என்று சித்தப்பா கழுவித் துடைத்து வைத்திருந்த சாமான்களை எல்லாம் திரும்ப எடுத்து, முடிந்த கூரைக்குமேல் இன்னொரு படை போட்டார். அடுத்த நாள் அதற்குமேலும் ஒன்று. சித்தப்பா வந்து பார்த்தார். தானும் ஒரு உருளையை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய் நின்றார். வேறொன்றும் செய்ய ஏலாமல் நின்ற அப்பாவுக்குச் செய்யத் தெரிந்த ஒரேயொரு வேலையை ஆர்தான் வேண்டாம் என்று சொல்வது?

வெள்ளை அடித்து முடித்தபோது கூரை கோயில் மாபிள் மாதிரி மினுங்கியது. அப்பா சித்தப்பாவை ஏறச் சொன்னார். பிறகு தானும் ஏறினார். இரண்டு பேரும் அதன்மேல் நின்று குதித்துக் குதித்துக் காட்டினார்கள். ஒரு முனகல் இல்லை. செடிவேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் எட்டிப் பார்த்தார். "நீங்கள் இதற்குள்ளே படுக்கப்போகிறீர்களா, மேலேயா?" என்று கேட்டார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொருமுறை குதித்தார். அப்பா அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் கனகாலம் காணவில்லை.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் சித்தப்பாவோடு சின்னம்மாவும் வந்தார். சித்தப்பாவின் மனைவி. ஒடென்சேயில் படித்துவிட்டு, இக்காஸ்டில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். கலியாணம் முடித்து அதிக நாள் இல்லை, சிரித்த முகம், எங்கள் வீட்டில் கொஞ்சம் பயந்து பயந்துதான் நடப்பார். ரோல்சும் சீனிச் சம்பலும் புளிச்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் அம்மாவால் சாப்பிட முடியாத சாப்பாடு. அம்மா தலையில் துணி கட்டி, சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து கதிரையில் இருந்தார். வண்டியை வெளியே தள்ளி வைத்திருந்தார்கள். வெய்யில் இன்னும் விழவில்லை.

அப்பா கைப்பிடியைச் சுழற்றினார். எங்கோ உள்ளே கம்பிக் கயிறு கீச்சிட்டு இறுகியது. கூரை அரை விரல் எழும்பி நின்றது. அப்பா இன்னும் அழுத்தினார். அது அசையவில்லை. அப்பா கையை எடுத்து, கைப்பிடியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார்.   

"தூக்குவம்" என்றார் அப்பா.

அவரும் சித்தப்பாவும் இரண்டு மூலையில் தோள் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடாமலே வேலியைச் சுற்றி ஓடி வந்து மூன்றாவது மூலையைப் பிடித்தார். மூன்று பேரும் ம்ம் என்று முக்கி, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி மெல்ல மெல்ல அதை மேலே ஏற்றினார்கள். சின்னம்மா நாலு மூலைக்கும் கட்டை முண்டு கொடுத்தார். அப்பா கைப்பிடியைச் சுழற்றித் தளர்ந்த கம்பியையும் இறுக்கினார். கூரை நின்றது. துணிச் சுவர் விரிந்தது. அப்பா வியர்த்து வடிந்தபடி அம்மாவிடம் வந்தார். "பாத்தீரோ, ஒண்டுமில்லை. போற வழியில நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கினால் சரி. ஆரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்" என்றார். அவர் அதை நம்பிச் சொன்னாரா, அம்மா நம்பவேண்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் முழுசாக நம்பினேன்.

அம்மா அப்பாவின் முகத்தைக் கனநேரம் பார்த்தார். "ஒருக்காப் படுத்துப் பாக்கிறன்" என்றார்.

அவரை ஏற்றி, கட்டிலில் கிடத்தினார்கள். நானும் பின்னால் ஏறி அவருக்குப் பக்கத்தில் சுருண்டேன். உள்ளே வெய்யில் துணிக்கூடாக மஞ்சளாக வந்தது. அம்மா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "வடிவாச் செய்திருக்கிறார் என்ன?" என்றார். உண்மையாகவே பெருமையாகச் சொன்னார். நான் ஓம் என்றேன்.

அப்போது டங் என்று ஒரு சத்தம். ஒரு கம்பிக் கயிறு அறுந்து வெளியே தகரத்தில் சுழன்று அடித்தது. ஒரு மூலைக் கட்டை சறுக்கி விழுந்தது. கூரை அம்மாவின் கால் பக்கம் சரிந்து வந்தது. "ஐயோ!" என்று அப்பா பாய்ந்து தோளைக் கொடுத்துப் பிடித்தார். சித்தப்பா ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம். "வாரும், வெளியில வாரும்! கெதியா! பிள்ளையைத் தள்ளிவிடும் வெளியில!" என்று அப்பா கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் டேனிஷில் கத்தினார்.

அம்மா அவசரப்படவேயில்லை. மெல்ல எழுந்து இருந்தார். தலைத்துணியைச் சரிசெய்தார். அப்பாவின் தோள் துணிச் சுவரில் முட்டிப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றார் அம்மா, அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற குரலில். சின்னம்மா வாசலடியில் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். அம்மாவைப் பிடித்து இறக்கத்தான் நின்றார்.

அம்மா என் கையை எடுத்து அந்தக் கைகளுக்குள் வைத்தார். வைத்து, மேலே தன் கையையும் வைத்து அமத்தினார்.

"நான் சுகம் கேக்கப் போக நினைக்கேல்லை. இவளைக் கொண்டுபோய் மாதாவின்ர கையில குடுத்திட்டு வரத்தான் நினைச்சனான். அது இனிச் சரிவராது. நீர் பிடியும்."

அம்மா அந்த மாதாவிடம் போகவில்லை. அந்த வருடம் இலைகள் முழுக்கக் கொட்டி முடியமுதல் அவர் போய்விட்டார். அப்பாவின் கூரையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை. வண்டியைக் கொண்டுபோய்க் கழிக்கிற இடத்தில் அதை உடைக்க முடியாமல் ஆட்கள் சினந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இதெல்லாம் பின்னால் நடந்த கதை. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கூரை விழப்போகிறது, என்னை முதலில் இறங்கச் சொல்கிறார்கள், சின்னம்மா கைகொடுக்கிறார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தேன். அம்மாவும் எனக்குப் பின்னால் மெல்ல இறங்கினார். அறுந்த கம்பியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரே அவதி. சின்னம்மாவோ ஏங்கி ஏங்கி அழுதுகொண்டு, என் கையை விரல் நோக இறுக்கிப் பிடித்தபடி நின்றார். எனக்குச் சினம் வந்தது. இழுத்துப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன்.

"விடுங்கோ சின்னம்மா, நான் இறங்கிட்டன்தானே" என்றேன்.